ரிபாக் துரோகிதானா? 'தி அசென்ட்' படம் பற்றி ஒரு பதில்

கேள்வி இதுதான்: "லரீசா ஷெபிட்கோ இயக்கிய சோவியத் போர்ப் படம் 'தி அசென்ட்' பார்த்தேன். தூக்கில் தொங்கியவர்களைவிட, உயிரோடு தப்பிய ரிபாக்தான் இரண்டு நாளாக மண்டைக்குள்ளேயே நிற்கிறான். அவன் துரோகிதானா? அவன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன் என்று தோன்றுகிறது. இயக்குநர் அவனைத் தண்டிக்கிறாரா, அவனுக்காகப் பரிதாபப்படுகிறாரா? அப்புறம், 1977இல் வெளிவந்த படம் ஏன் கறுப்பு வெள்ளை?"

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆமாம், துரோகிதான். நேற்றுவரை எந்த ஜெர்மானியரை எதிர்த்துச் சண்டை போட்டானோ அவர்களுடைய போலீஸில் சேர்கிறான். கூட வந்தவன் தூக்கில் ஏறும்போது அந்தப் பக்கம் நிற்கிறான். இதில் வாதாட எதுவும் இல்லை, படமும் வாதாடவில்லை. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லி முடித்த பிறகும் அவன் உங்கள் மண்டையை விட்டுப் போகவில்லை, பாருங்கள். படம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

நான் இதை முதலில் பார்த்தது ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில். அப்போது வயது இருபத்திரண்டோ என்னவோ. ரிபாக்கைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. பதினைந்து வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது அதிர்ந்துபோனேன். முதல் ஒரு மணி நேரத்தில் திரையில் இருக்கும் ஒரே நல்ல துணை அவன்தான். இதை நான் முழுக்க மறந்திருந்தேன். பலருக்கும் இப்படித்தான் ஆகிறது. முடிவைத் தெரிந்துகொண்டவுடன் தொடக்கத்தையும் மனசு திருத்தி எழுதிவிடுகிறது.

அதனால் தொடக்கத்துக்கே போவோம். 1942, ஜெர்மானியர் பிடித்து வைத்திருக்கும் பெலாரஸ், கடும் குளிர்காலம். பெண்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடும் ஒரு கெரில்லாக் குழு. ஆளுக்கு ஒரு கை தானியம், அதுதான் சாப்பாடு. உணவு தேடிவர இரண்டு பேரை அனுப்புகிறார்கள். ஒருவன் ரிபாக். உடல் வலுவும் அனுபவமும் காட்டு வழி தெரிந்த கால்களும் உள்ளவன். இன்னொருவன் சோத்னிகோவ். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன், பீரங்கிப் படையில் பணியாற்றியவன், இப்போது நெஞ்சைப் பிளக்கும் இருமலோடு தள்ளாடி நடப்பவன். உடம்பு சரியில்லாதவன் ஏன் மறுக்காமல் கிளம்பினான் என்று மூலக் குறுநாவலில் ரிபாக் கேட்கிறான். மற்றவர்கள் மறுத்துவிட்டார்கள், அதனால்தான் என்கிறான் சோத்னிகோவ். அவன் சுபாவம் முழுவதும் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. கொஞ்சம் எரிச்சலூட்டும் சுபாவம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

போய்ச் சேர வேண்டிய பண்ணை எரிந்து கிடக்கிறது. அடுத்த ஊருக்குப் போகிறார்கள். அங்கே ஜெர்மானியர் நியமித்த ஊர்த்தலைவரான கிழவரின் வீட்டிலிருந்து ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். வழியில் ரோந்துப்படை பார்த்துவிடுகிறது. துப்பாக்கிச் சண்டையில் சோத்னிகோவின் காலில் குண்டு பாய்கிறது. தப்பியோடிய ரிபாக் திரும்பி வருகிறான். இதைக் கவனியுங்கள், அவன் திரும்பி வருகிறான். யாரும் உத்தரவு போடவில்லை. சாட்சிக்கும் ஆள் இல்லை. வராமலே போயிருந்தால் ஒருவரும் கேட்டிருக்கப் போவதில்லை.

அதற்கடுத்து வரும் காட்சியைப் போர்ப் படங்களிலேயே மிகக் கடினமான சில நிமிடங்கள் என்பேன். ஒருவன் இன்னொருவனைப் பனியில் இழுத்துக்கொண்டு போகிறான், அவ்வளவுதான் விஷயம். இழுக்கிறான், நிற்கிறான், மூச்சு வாங்குகிறான், மறுபடி இழுக்கிறான். கேமரா அவர்களோடு தரையிலேயே ஊர்கிறது. செடிகளின் காய்ந்த குச்சிகள் முகத்தில் உரசுகின்றன. பனி வாய்க்குள்ளும் கழுத்துக்குள்ளும் போகிறது. பின்னணியில் வீரம் பேசும் இசை கிடையாது. கடைசியில் ரிபாக் அவனை மடியில் போட்டு, உறைந்த முகத்தைத் தேய்த்துச் சூடேற்றுகிறான். தாய் பிள்ளைக்குச் செய்வதுபோலவே இருக்கும். நடிப்பு என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. படப்பிடிப்பு நடந்தது ரஷ்யாவின் மூரம் நகரத்துப் பக்கம், பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி வரை இறங்கிய குளிரில். நடிகர்கள் எந்த உடுப்பில் நின்றார்களோ அதே அளவு உடுப்பில்தான் ஷெபிட்கோவும் நின்றார். நாள் முடிந்ததும் நடக்கத் தெம்பில்லாமல் போன அவரை, ரிபாக்காக நடித்த விளாதிமிர் கஸ்த்யூகின் அறைவரை தூக்கிக்கொண்டு போனதும் உண்டாம். அந்த கஸ்த்யூகின் அதுவரை பெரிதாக யாருக்கும் தெரியாதவர். மாஸ்கோவின் ராணுவ நாடக அரங்கில் மேடைக்கு மேசை நாற்காலி தூக்கிப் போடும் வேலையில் பல வருடம் இருந்தவர்.

சரி, இப்படிப்பட்டவன் எப்படி அப்படி ஆனான்? "கோழை, அதனால்தான்" என்ற பதில் செல்லாது. கோழை திரும்பி வந்திருக்க மாட்டான். என் கணிப்பு வேறு. ரிபாக்குக்கு ஒரு திறமை உண்டு, பிழைத்துக்கிடக்கும் திறமை. எந்தச் சந்தில் நுழைந்தால் தப்பலாம், எப்போது குனிய வேண்டும், யாரிடம் எதைக் கேட்டால் கிடைக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காட்டில் இருந்தவரைக்கும் அந்தத் திறமையும் நல்ல குணமும் ஒரே திசையில் போயின. தான் பிழைப்பதும் நண்பனைப் பிழைக்க வைப்பதும் அங்கே ஒரே வேலை. இருவரும் பிடிபட்டுச் சிறைக்குள் போனதும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. அந்த இடத்தைத்தான் அவன் கவனிக்கத் தவறுகிறான். காட்டில் செய்ததையே விசாரணை அறையிலும் செய்கிறான். குனிகிறான், நேரம் வாங்குகிறான். இப்போதைக்குச் சரி என்று சொல்லுவோம், பிறகு ஓடிவிடலாம் என்று கணக்குப் போடுகிறான். அவனை அழித்தது அந்த "இப்போதைக்கு".

விசாரணையில் அவன் பெரிய ரகசியம் எதையும் கொட்டுவதில்லை. போலீஸுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று தான் நினைப்பதை மட்டும் சொல்கிறான். சோத்னிகோவ் வாயே திறப்பதில்லை. அவன் நெஞ்சில் காய்ச்சிய இரும்பால் சூடு போடுகிறார்கள். அப்புறம் நிலவறையில் நடக்கும் இரவுப் பேச்சு வருகிறது. செத்துப்போனால் யாருக்கு என்ன லாபம், உயிரோடு இருந்தால்தானே சண்டை போட முடியும் என்கிறான் ரிபாக். நியாயமாகப் பார்த்தால் இது ஒரு ராணுவ வீரனின் சரியான வாதம். "நானும் அதையேதான் செய்திருப்பேன்" என்று உங்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியமே இல்லை. ஷெபிட்கோ அந்த வாதத்தை மட்டமாகக் காட்டவில்லை. முழு பலத்தோடு பேச விடுகிறார்.

துரோகி என்ற சொல்லைப் படம் மூன்று பேர்மேல் போட்டுப் பார்க்கிறது. முதலாமவர் அந்த ஊர்த்தலைவர் கிழவர். எதிரியிடம் பதவி வாங்கியவர், ஆகவே துரோகி என்றுதான் நாமும் நினைக்கிறோம், ரிபாக்கும் நினைக்கிறான். அதே கிழவர் நிலவறையில் இவர்களோடு அடைக்கப்பட்டு, மறுநாள் இவர்களோடு தூக்கில் ஏறுகிறார். இரண்டாமவன் ஜெர்மானியருக்காக வேலை செய்யும் விசாரணை அதிகாரி போர்த்னோவ். போருக்கு முன்பு கலாச்சார மன்றம் நடத்தியவன், குழந்தைகளுக்குக் கோரஸ் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவன். சோத்னிகோவும் வாத்தியார், இவனும் ஒருவகையில் வாத்தியார். அந்த விசாரணைக் காட்சியின் சூடு அங்கிருந்துதான் வருகிறது. மனிதன் என்றால் பயம்தான், அதற்கு அடியில் ஒன்றுமில்லை என்று தான் கண்டுபிடித்துவிட்டதாகப் போர்த்னோவ் நம்புகிறான். எதிரில் இருப்பவனும் உடைந்தால்தான் அவன் நம்பிக்கை நிற்கும். அனதோலி சலனீத்சின் அந்த முகத்தை வைத்துக்கொள்ளும் விதத்தைப் பாருங்கள். 'ஆந்த்ரேய் ரூப்ளேவ்' படத்தில் புனித ஓவியனாக வந்த அதே நடிகர். ஜெயித்த பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அவன்தான், ஆனால் பதற்றம் முழுக்க அவன் முகத்தில். மூன்றாமவன் ரிபாக். வீரன் என்று நாம் கைதட்டியவன். ஆக, துரோகியாகத் தெரிந்தவர் சுத்தமாகச் சாகிறார், வீரனாகத் தெரிந்தவன் அழுக்கோடு மிஞ்சுகிறான். நம் மொழியில் அந்தச் சொல் ரொம்ப மலிவாகப் புழங்குகிறது. அதை உச்சரிக்கும் முன் இந்த மூன்று முகங்களும் ஒரு தடவை கண்முன் வந்து போனால் நல்லது.

கதையின் பின்னணி தெரிந்தால் ரிபாக்கின் கணக்கு இன்னும் புரியும். பெலாரஸ் அந்தப் போரில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவரை இழந்த நாடு. நூற்றுக்கணக்கான கிராமங்கள் மனிதர்களோடு சேர்த்து எரிக்கப்பட்டன. ஜெர்மானியரிடம் பிடிபட்ட சோவியத் வீரர்களில் பாதிக்கு மேல் சிறை முகாம்களில் பசியாலும் குளிராலும் செத்தார்கள். இந்தப் பக்கம் பார்த்தால் ஸ்டாலின் 1941 ஆகஸ்டில் போட்ட 270ஆம் எண் உத்தரவு, சரணடைபவனைத் துரோகி என்றது, அவன் குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. உயிரோடு பிடிபட்டவனுக்கு இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்த காலம்.

மூலக் கதை பெலாரஸ் எழுத்தாளர் வசீல் பிக்கோவ் எழுதியது. 'சோத்னிகோவ்' என்ற பெயரில் 1970இல் நோவி மீர் என்ற சோவியத் இலக்கிய இதழில் வந்தது. பிக்கோவ் போர்முனையில் இருந்தவர். அவரே செத்துவிட்டதாகத் தவறுதலாக வீட்டுக்குத் தகவல் போய்விட்டது, பொதுக் கல்லறை ஒன்றில் பெயர்கூடப் பொறிக்கப்பட்டிருந்தது. இந்தக் கதைக்கான விதையை அவரே சொல்லியிருக்கிறார். 1944இல் ருமேனியாவில், ஜெர்மானியர் பக்கம் சேர்ந்து சண்டையிட்டுப் பிடிபட்ட ரஷ்யர்களின் கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்று கண்ணில் பட்டது. வீரமரணம் அடைந்துவிட்டான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்த பழைய படைத்தோழன். காயத்தோடு பிடிபட்டு, முகாமில் சாகாமலிருக்க இப்போதைக்கு இது, பிறகு ஓடிவிடலாம் என்று சேர்ந்திருக்கிறான். அந்தப் பிறகு வரவே இல்லை. ரிபாக் ஆகாயத்திலிருந்து குதித்தவன் அல்ல, அந்த மனிதனின் நிழல்.

ஷெபிட்கோவிடம் இந்தக் கதை வந்து சேர்ந்த நேரமும் முக்கியம். கர்ப்பமாக இருக்கும்போது முதுகெலும்பில் அடிபட்டு மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். தாயும் பிள்ளையும் பிழைப்பார்களா என்ற கவலை. அந்த நாட்களில் படித்தது இது. பிள்ளை 1973இல் நல்லபடியாகப் பிறந்தது. சாவுக்கு மிக அருகில் போய்வந்தவர் சாவை எப்படி எதிர்கொள்வது என்று படம் எடுத்தார். அதனால்தானோ என்னவோ, போர்க்கதை கொஞ்சம் கொஞ்சமாக வேதாகமக் கதையாக மாறிவிட்டது. பெயரும் 'சோத்னிகோவ்' இல்லை, 'மேலேறுதல்' என்ற பொருள் தரும் ரஷ்யச் சொல். நொண்டிக்கொண்டு சோத்னிகோவ் ஏறும் மேடு இயேசுவைச் சிலுவையில் அறைந்த கல்வாரி, போர்த்னோவ் அவருக்குத் தீர்ப்பு சொன்ன பிலாத்து, ரிபாக் காட்டிக்கொடுத்த யூதாஸ். தூக்கு முடிந்து திரும்பும் ரிபாக்கின் காதில் யூதாஸ் என்ற சொல்லே விழுகிறது. சும்மா ஒரு தகவல்: ரிபாக் என்றால் ரஷ்ய மொழியில் மீனவன். மூன்று தடவை மறுதலித்த பேதுருவும் மீனவன்தான் என்று எனக்கு ஞாபகம் வராமல் இருக்காது. பிக்கோவ் அதை நினைத்தாரா என்பது வேறு விஷயம்.

இங்கே எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பாதியில் சோத்னிகோவின் முகத்துக்கு ஷெபிட்கோ போடும் வெளிச்சம் கொஞ்சம் கூடுதல். கோயில் சுவரில் வரைந்த புனிதர் மாதிரி ஆகிவிடுகிறான். குறுநாவலில் அவன் சிடுசிடுப்பானவன், தன்னையும் மற்றவர்களையும் சந்தேகிப்பவன். அந்த மனிதனைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். புனிதரோடு ஒப்பிட்டால் யார்தான் துரோகியாகத் தெரிய மாட்டார்கள்? போரிஸ் பிளாத்னிகோவின் நடிப்பில் மிஞ்சியிருக்கும் இருமலும் வலியும்தான் அவனை மனிதர் பக்கம் இழுத்துப் பிடிக்கின்றன.

இரண்டு ஆண்களைப் பற்றியே எல்லாரும் பேசுவதால் தியோம்சிகா விடுபட்டுப் போகிறாள். அடிபட்டவனோடு ரிபாக் அடைக்கலம் தேடிப்போகும் வீட்டுக்காரி. மூன்று சின்னக் குழந்தைகளின் தாய். திட்டிக்கொண்டேதான் உள்ளே விடுகிறாள். போலீஸ் வரும்போது பரண்மேல் ஒளிந்திருப்பவர்களைக் காட்டிக்கொடுத்தது சோத்னிகோவின் இருமல். அதற்காக அவளையும் இழுத்துப் போகிறார்கள், குழந்தைகள் வீட்டில் நிற்கின்றன. அவளுக்கு எந்தத் தத்துவமும் கிடையாது. புனிதராவதற்கோ துரோகியாவதற்கோ நேரமும் இல்லை. கதறுகிறாள், கெஞ்சுகிறாள், கடைசியில் அதே மேட்டில் ஏறுகிறாள். தன்னை ஒளித்துவைத்தவர்கள் யார் என்று கடைசிவரை சொல்லாத யூதச் சிறுமி பாஸ்யாவும் அப்படித்தான். சோத்னிகோவ் தன் மரணத்தைத் தேர்ந்தெடுத்தான், ரிபாக் தன் பிழைப்பைத் தேர்ந்தெடுத்தான். தியோம்சிகாவுக்கு யாரும் எதையும் நீட்டவில்லை. ரிபாக்குக்காக நான் மனசு இளகும்போதெல்லாம் அவள்தான் குறுக்கே வந்து நிற்கிறாள்.

கறுப்பு வெள்ளைக்கு வருவோம். வண்ணச் சுருள் கிடைக்காமல் போனதால் அல்ல. இதற்கு முன் 1971இல் வந்த 'நீயும் நானும்' படத்தை ஷெபிட்கோ வண்ணத்தில்தான் எடுத்தார். இங்கே அவருக்கு வேண்டியிருந்தது பனி. திரை முழுக்க வெள்ளையாக இருந்தால் வானம் எது, தரை எது என்று தெரியாது. மனிதர்கள் வெறும் தாளில் விழுந்த மைத்துளி மாதிரி தெரிவார்கள். திரையும் அகலத்திரை இல்லை, கிட்டத்தட்டச் சதுரமான பழைய வடிவம். அதற்குள் ஒரு முகம் வந்துவிட்டால் வேறு எதற்கும் இடம் இருக்காது. ஒளிப்பதிவாளர் விளாதிமிர் சுக்னோவ் முதல் பாதியில் வெட்டவெளியையும் இரண்டாம் பாதியில் முகங்களையும் எடுத்தார் என்று சொல்லிவிடலாம். வெளியே வெள்ளை கண்ணைக் கூசவைக்கிறது, நிலவறையில் இருட்டு அப்பிக்கொள்கிறது. ஆல்ஃபிரட் ஷ்னிட்கேயின் இசை பல இடங்களில் இசையென்றே தெரியாது. காற்றா, மணியோசையா, காதுக்குள் கேட்கும் இரைச்சலா என்று பிரிக்க முடியாத ஒரு முனகல்.

மதச்சாயல் கொண்ட படம் என்பதால் அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். படத்தைக் காப்பாற்றியவர் பெலாரஸ் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் பியோத்தர் மாஷெரோவ். அவரே முன்னாள் கெரில்லாத் தளபதி. அவருடைய தாயை ஜெர்மானியர் கொன்றிருந்தார்கள். திரையிடலில் அவர் அழுதுவிட்டார், அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. 1977இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி கிடைத்தது. இரண்டே வருடத்தில், 1979 ஜூலை 2ஆம் தேதி, அடுத்த படத்துக்கான வேலையாகப் போகும்போது கார் விபத்தில் ஷெபிட்கோ இறந்தார். வயது 41. சுக்னோவும் அதே விபத்தில் இறந்தார். பாதியில் நின்ற படத்தை முடித்தவர் கணவர் எலம் கிளிமோவ். அவர் 1985இல் பெலாரஸ் கிராமங்களின் எரிப்பைப் பற்றி எடுத்த 'கம் அண்ட் சீ'யை அநேகமாக நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்க்க வேண்டாம். நான் பார்த்தேன், அந்த வாரம் முழுக்கத் தூக்கம் போயிற்று.

தண்டனையா, பரிதாபமா என்று கேட்டீர்கள். கடைசிக் காட்சியை ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்கள். கூட்டத்தில் நிற்கும் ஒரு சிறுவனைப் பார்த்துச் சோத்னிகோவ் சிரித்துவிட்டுச் சாகிறான். அந்தச் சிறுவன் அழுகிறான். ரிபாக்கைப் பார்க்க அப்படி ஒரு கண்கூட இல்லை. ஜெர்மானியர் முகாமுக்கு வந்ததும் கழிப்பறைக்குள் நுழைந்து இடைவாரில் தூக்குப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறான். குறுநாவலில் வாரை ஏற்கெனவே போலீஸ் பறித்திருக்கும், சாக வழியில்லை. படத்தில் ஷெபிட்கோ வாரையும் கொடுக்கிறார், அப்படியும் முடியவில்லை. பிழைத்துக்கிடக்கும் திறமை மட்டும் இன்னும் பழுதாகாமல் வேலை செய்கிறது. வெளியிலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அதிகாரி தேடுகிறார் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவன் முற்றத்தில் தனியாக நிற்கிறான். கதவு திறந்து கிடக்கிறது, அப்பால் பனி, காடு. வழியெல்லாம் அவன் கனவு கண்ட வாய்ப்பு அதுதான், தடுக்க ஆள் இல்லை. ஓடினால் எங்கே போவான்? காட்டில் பசியோடு காத்திருக்கும் அந்தக் குழுவிடமா?

அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே சிரிக்கிறான், அது அழுகையாக மாறுகிறது. அவனைச் சுடவோ மன்னிக்கவோ ஷெபிட்கோ யாரையும் உள்ளே அனுப்பவில்லை.